'உட்கார்ந்த இடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது!'... படிக்கிற பிள்ளைக்கு 3 நிமிட அசைவு இடைவேளை ஏன் தேவை? கள்ளக்குறிச்சி முதல் கல்வராயன் மலை வரை ஒரு பார்வை

கள்ளக்குறிச்சி நகரத்தில் வேனில் ஏறிப் பள்ளிக்குப் போகிற பிள்ளையும், கல்வராயன் மலையில் ஒத்தையடிப் பாதையில் நடந்தே பள்ளிக்கு வருகிற பிள்ளையும் காலையில் பார்க்கிற உலகம் வேறு வேறு. ஆனால், முதல் மணி அடித்ததும் ரெண்டு பேருக்கும் ஒரே விதிதான். கை கட்டு, வாய் பொத்து, உட்கார். மதியச் சாப்பாடு வரை அப்படியே.

வீட்டுக்கு வந்தாலும் கதை மாறுவதில்லை. "முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்த இடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது" என்ற வசனத்தைக் கேட்காத தமிழ்ப் பிள்ளை இருக்க முடியாது. அசையாமல் உட்கார்ந்தால்தான் படிப்பு ஏறும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. பாடத்துக்கு நடுவே பிள்ளைகளை எழுப்பி, ரெண்டு மூணு நிமிஷம் உடம்பை அசைக்க வைத்தால் கவனம் கூடுமே தவிர குறையாது என்கின்றன உலகம் முழுக்க நடந்த ஆய்வுகள்.

இதை 'அசைவு இடைவேளை' என்கிறார்கள். இது என்ன, எப்படிச் செய்வது, தினமும் கிலோமீட்டர் கணக்கில் நடக்கிற மலைப் பிள்ளைக்கும் இது தேவையா என்று பார்க்கலாம்.

அசைவு இடைவேளைன்னா என்ன?

முதலில், இது எது இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். இது சாப்பாட்டு இடைவேளை கிடையாது. பி.டி. பீரியடும் கிடையாது. 'ரீசஸ்' என்று 10 நிமிஷம் விட்டு, கழிவறைக்கு முன்னால் வரிசையில் நிற்க வைப்பதும் இதில் சேராது.

பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே, அதே அறையில், ஆசிரியரும் சேர்ந்துகொண்டு 2 முதல் 5 நிமிடம் வரை எழுந்து நின்று குதிப்பது, குனிந்து நிமிர்வது, கையைச் சுழற்றுவது, நின்ற இடத்திலேயே ஓடுவது. அவ்வளவுதான். விசில் வேண்டாம், மைதானம் வேண்டாம், ஷூ வேண்டாம். சின்ன வகுப்பு என்றால் 20 - 25 நிமிடத்துக்கு ஒருமுறை, பெரிய வகுப்பு என்றால் ஒரு பாடவேளைக்கு ஒருமுறை. முடிந்ததும் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பாடம் தொடரும்.

பெரியவர்களுக்கு இதே யோசனை ஏற்கெனவே வந்துவிட்டது. அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழாமல் வேலை பார்ப்பவர்களுக்காக மத்திய ஆயுஷ் அமைச்சகம் 5 நிமிட 'ஒய்-பிரேக்' யோகா செயலியை 2021 செப்டம்பரில் வெளியிட்டது. சம்பளம் வாங்குகிறவருக்கு 5 நிமிஷம் தேவை என்று புரிந்துகொண்ட நாம், 8 வயசுப் பிள்ளை நாள் முழுக்க ஆடாமல் அசையாமல் இருக்கணும்னு எதிர்பார்க்கிறோம்!

உட்கார்ந்தே இருந்தால் மூளைக்கு என்ன ஆகும்?

இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சுவாரஸ்யமானது. அலுவலக ஊழியர்களை 4 மணி நேரம் தொடர்ந்து உட்கார வைத்து, மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். எழவே எழாமல் இருந்தபோது ரத்த ஓட்டம் குறைந்தது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 8 நிமிடம் நடக்க வைத்தபோதும் சரிவைத் தடுக்க முடியவில்லை. அரை மணிக்கு ஒருமுறை வெறும் 2 நிமிடம் நடக்க வைத்தபோது மட்டும் ரத்த ஓட்டம் குறையவில்லை. ரெண்டு முறையிலும் மொத்த நடை நேரம் ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். 'மொத்தமா அப்புறம் விளையாடிக்கலாம்' என்பதை விட, அப்பப்போ கொஞ்சம் கொஞ்சமாக அசைவது வேலை செய்கிறது. இது பெரியவர்களை வைத்து, குறைந்த எண்ணிக்கையில் நடந்த ஆய்வு. குழந்தைகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

குழந்தைகளிடம் தனியாகவும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழுவினர், 9 வயதை ஒட்டிய 20 குழந்தைகளை ஒருநாள் 20 நிமிடம் டிரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். இன்னொரு நாள் சும்மா உட்கார வைத்தார்கள். நடந்த நாளில் கவனச் சோதனையில் சரியான பதில்கள் கூடின. வாசித்துப் புரிந்துகொள்ளும் தேர்விலும் மதிப்பெண் ஏறியது. 2009-ல் வந்த ஆய்வு இது.

20 நிமிடத்துக்கு நம்ம ஊர் டைம்டேபிளில் எங்கே போவது என்று கேட்கலாம். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை 4 நிமிடமாகச் சுருக்கிப் பார்த்தார்கள். 9 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளை வகுப்பறையிலேயே 4 நிமிடம் வேகமாகக் குதிக்க, உட்கார்ந்து எழ வைத்தார்கள். அந்த நாட்களில் கவனச் சோதனையில் பிழைகள் குறைந்தன. 2015-ல் வெளியான ஆய்வு இது.

அப்போ மார்க் கூடிடுமா? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-ல், பள்ளியில் உடல் அசைவும் படிப்பும் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கிடைத்த முடிவுகளில் பாதிக்குச் சற்று மேல் நல்ல பலனைக் காட்டின. கிட்டத்தட்ட மீதிப் பாதியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. படிப்பு கெட்டது என்று சொன்னவை 2 சதவீதம்கூட இல்லை. பெற்றோரும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி எண்ணைத்தான். அசைவு இடைவேளை விட்டால் பிள்ளை ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால், 'விட்டால் படிப்பு போச்சு' என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

'குழந்தையின் வயதை ரெண்டால் பெருக்கினால் வருவதுதான் அதன் கவன நிமிடம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு சுற்றுகிறது. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடிச்ச விஷயம் என்றால் ஒரு மணி நேரம்கூட அசையாமல் பார்க்கும் பிள்ளை, பிடிக்காத வாய்ப்பாட்டுக்கு 3 நிமிஷம் தாங்காது.

மலைப் பிள்ளைதான் தினமும் நடக்குதே, அதுக்கு எதுக்கு?

நியாயமான கேள்வி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டுதான் கல்வராயன் மலை. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, அதன் மேற்குப் பக்கம் முழுக்க இந்த மலையாகத்தான் இருந்தது. வெள்ளிமலைதான் தாலுகா தலைநகர். கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு என்று பெயர் தெரிந்த ஊர்களைத் தாண்டினால் சின்னச் சின்னக் குக்கிராமங்கள், மலையாளி பழங்குடி மக்களின் வீடுகள், மரவள்ளி, சாமை பயிராகும் காடுகள்.

கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி 5-ம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், 6 முதல் 8-ம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். அதாவது, எல்லாம் சட்டப்படி நடந்தாலே 6-ம் வகுப்புப் பிள்ளை ஒருநாளைக்குப் போகவர 6 கிலோமீட்டர் நடக்கலாம். அதுவும் சமதரை இல்லை, ஏற்றம் இறக்கம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிர உடலுழைப்பில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அந்தக் கோட்டா மலைப் பிள்ளைக்கு நடையிலேயே முடிந்துவிடும். உலக அளவில் 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை என்று 2019-ல் வந்த அந்த அமைப்பின் ஆய்வு சொன்னது. வேன், டியூஷன், செல்போன் என்று வாழும் நகரத்துப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வருகிறவர்கள்.

அதனால் இடைவேளையின் வேலை ரெண்டு பேருக்கும் ஒன்று அல்ல. நகரத்துப் பிள்ளைக்கு அது உடம்புக்கும் சேர்த்து. மலைப் பிள்ளைக்கு அது முழுக்க முழுக்கக் கவனத்துக்காக. காலை 8 மணிக்கு நடந்த நடை, 11 மணிக்கு மங்குகிற கவனத்தைப் பிடித்து நிறுத்தாது. அதற்கப்புறம் ரெண்டு மணி நேரம் பெஞ்சில் அசையாமல் இருந்திருக்கிறதே!

இன்னொன்றும் இருக்கிறது. நடந்து வந்த பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தால், அது உட்கார்ந்ததால் வந்த சோர்வா, பசியா என்று பார்க்க வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆனால் அது 5-ம் வகுப்பு வரைதான். 6-ம் வகுப்புக்குப் போனதும் நடக்க வேண்டிய தூரமும் கூடுகிறது, காலைச் சாப்பாடும் நின்றுபோகிறது. ரத்தசோகையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 5-வது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. வெறும் வயிற்றில், ரத்தம் குறைந்த உடம்போடு வந்த பிள்ளையை '20 தடவை குதி' என்றால் அது இடைவேளை இல்லை, தண்டனை. அந்தப் பிள்ளைக்கு எழுந்து நின்று கை கால் நீட்டி, தண்ணீர் குடித்தால் போதும். மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று அடிக்கடி சொல்லும் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ரத்தப் பரிசோதனை செய்வதுதான் சரி.

ஒரே அறையில் 5 வகுப்பு... அங்கே எப்படி?

மலையிலும், சமவெளியின் சின்ன ஊர்களிலும் தொடக்கப் பள்ளி என்றால் பெரும்பாலும் ரெண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. தொடக்கப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடமும் பொதுவாகக் கிடையாது. ஒரு ஆசிரியர் 3-ம் வகுப்புக்குக் கணக்கு போட்டுக் காட்டும்போது, 1-ம் 2-ம் வகுப்புப் பிள்ளைகள் 'சும்மா எழுதிக்கிட்டு இருங்க' என்று விடப்படுகிறார்கள். பிள்ளைகள் அதிகம் உட்கார்ந்திருப்பது பாடம் கேட்பதற்காக அல்ல. தன் முறை வருவதற்காகக் காத்திருப்பதில்தான்.

தமிழ்நாடு இந்தச் சிக்கலுக்கு ஒருமுறை விடை கண்டிருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சியில் செயல்வழிக் கற்றல் முறை தொடங்கியது. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில் உருவான முறைதான் அதற்கு மூலம். 2007-08-ல் மாநிலம் முழுக்க 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு அது போனது. அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கல்வராயன் மலைப் பள்ளிகளும் அதில் அடக்கம்.

அந்த வகுப்பறையை நினைத்துப் பாருங்க. பெஞ்ச் இல்லை, பாய். ஆசிரியருக்கு மேடை இல்லை, அவரும் தரையில். சுவரைச் சுற்றிக் குழந்தை உயரத்துக்குக் கரும்பலகை. பிள்ளை தானே எழுந்து போய், 'ஏணி'யில் தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்து, அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து வந்து, அதற்கான குழுவில் உட்காரும். முடித்ததும் மறுபடி எழும். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை எழுகிறது என்று எண்ணினால் அசைவு இடைவேளைக்குத் தனி மணியே தேவைப்படாது. உடற்பயிற்சிக்காக வந்த திட்டம் இல்லை அது. ஆனால் அந்தப் பலன் போனஸாகக் கிடைத்தது. அட்டை அட்டையாகப் போவதால் ஆசிரியர் பங்கு குறைகிறது, பாடநூல் ஓரம் கட்டப்படுகிறது என்ற விமர்சனங்களும் அந்த முறை மீது இருந்தன என்பது வேறு விஷயம்.

கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூன் 13-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பாட்டு, ஆட்டம், பொம்மலாட்டம் எல்லாம் பாடத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஆக, 1 முதல் 5 வரை அசைவுக்கு வழி இருக்கிறது. அட்டையும் பாட்டும் நின்று, பெஞ்சும் நோட்ஸும் வருகிற 6-ம் வகுப்பில்தான் கதவு சாத்தப்படுகிறது.

கடன் வாங்கப்படும் பி.டி. பீரியடும், 66 பாடவேளைக் கணக்கும்

"இன்னிக்கு பி.டி. கிடையாது, கணக்கு நோட்டை எடுங்க." இதைக் கேட்டு வளராத தலைமுறை தமிழ்நாட்டில் இல்லை. 2024 நவம்பர் குழந்தைகள் தின விழாவில் துணை முதலமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடை கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்க வேண்டாம், முடிந்தால் உங்கள் பீரியடை விளையாட்டுக்குக் கொடுங்கள் என்று மேடையிலேயே கேட்டுக்கொண்டார். அரங்கம் கைதட்டியது. ஆனால், ஆசிரியர் ஏன் கடன் வாங்குகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். போர்ஷன் முடிக்கவில்லை என்றால் கேள்வி அவரிடம்தான் வரும். பிள்ளை விளையாடவில்லை என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை.

அதனால் கணக்கை மறைக்காமல் போட்டுவிடலாம். ஒரு நாளைக்கு 3 நிமிடம் வீதம் 4 இடைவேளை என்றால் 12 நிமிடம். 6 முதல் 8-ம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டம் சொல்வது ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 மணி நேரக் கற்பித்தல். 220 நாளுக்கு 12 நிமிடம் என்றால் 2,640 நிமிடம், அதாவது 44 மணி நேரம். 40 நிமிடப் பாடவேளையாக வகுத்தால் 66 பாடவேளை! எட்டு பீரியட் வைத்தால் எட்டு நாளுக்கு மேல். கேட்டதும் எந்த ஆசிரியருக்கும் பகீர் என்றுதான் இருக்கும்.

மறுபக்கம், மொத்த நேரத்தில் அது 4.4 சதவீதம். ஒரு பீரியடில் 'அங்கே என்ன பேச்சு', 'எந்திரிச்சு நில்லு', 'கவனி' என்று சொல்வதில் போகிற நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் பயம் கொஞ்சம் தெளியும். பிள்ளைகள் பாடத்தை விட்டு விலகுவது இடைவேளைக்குப் பிறகு குறைகிறது என்பதுதான் இந்தத் துறையில் ஆய்வுகள் ஓரளவு ஒத்துப்போகும் இடம். இடைவேளையைப் பாடத்தோடு கலந்துவிட்டால் அந்த 66-ல் பாதியைத் திரும்பப் பிடிக்கவும் வழி இருக்கிறது.

அசைவு இடைவேளை வந்துவிட்டதே என்று பி.டி. பீரியடை எடுத்துவிடுகிற ஆபத்தும் உண்டு. 3 நிமிடக் குதியலில் கபடியும் வராது, ஓட்டமும் வராது. ஒன்றுக்கு இன்னொன்று மாற்று கிடையாது.

வகுப்பறையில் எப்படிச் செய்யலாம்?

பெஞ்ச் போட்ட வகுப்பில் இடம் இருக்காது. பிரச்சினை இல்லை. எழுந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டு 10 தடவை உட்கார்ந்து எழலாம். இடது முழங்காலை வலது கையால், வலது முழங்காலை இடது கையால் மாற்றி மாற்றித் தொடலாம். நின்ற இடத்தில் ஓடலாம். கடைசி அரை நிமிடம் மெதுவாக மூச்சை இழுத்து விட்டால், பிள்ளைகள் தானாகவே அடங்கி உட்காருவார்கள். இந்தக் கடைசி அரை நிமிடத்தை விட்டுவிட்டுத்தான் பலர் 'கிளாஸே கையை மீறிப் போச்சு' என்று முதல் வாரத்திலேயே கைவிடுகிறார்கள்.

பாடத்தோடு கலக்கவும் வழி இருக்கிறது. 7-ம் வாய்ப்பாட்டைச் சொல்லும்போது ஒவ்வொரு விடைக்கும் ஒரு குதி. ஆசிரியர் ஒரு சொல் சொல்வார். குறில் வந்தால் உட்கார வேண்டும், நெடில் வந்தால் எழுந்து கையைத் தூக்க வேண்டும். தரையில் பாண்டிக் கட்டம் போட்டு எண்ணை எழுதி, விடை இருக்கும் கட்டத்துக்கு நொண்டி அடிக்க வைக்கலாம். சரியா, தவறா கேள்விக்கு அறையின் ரெண்டு சுவரை ரெண்டு பதிலாக்கி நடக்க விடலாம். கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் மாதிரி உட்கார்ந்து ஆடும் ஆட்டங்கள் இதற்கு உதவாது. பச்சைக்குதிரைக்கு வகுப்பறை தாங்காது. நடுவில் இருப்பவற்றைத்தான் பிடிக்க வேண்டும்.

நேரத்துக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்க 11 மணி, 1 மணி, 3 மணி என்று 'வாட்டர் பெல்' அடிக்கும் முறை 2025-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது. 2019-லேயே கேரளத்தில் பிரபலமான முறை இது. அந்த மணிக்குத் தண்ணீர் பாட்டிலை எடுக்கிற கையோடு எல்லோரும் எழுந்து நின்றுவிட்டால் ரெண்டு இடைவேளை தன்னாலே கிடைத்துவிடும். மதியம் ஒரு மணி மணியைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை, அது எப்படியும் சாப்பாட்டு நேரத்தை ஒட்டித்தான் வருகிறது.

வெயிலையும் மழையையும் மறக்கக் கூடாது. 2024-ல் கோடை வெப்பத்தால் பள்ளித் திறப்பே ஜூன் 10 வரை தள்ளிப்போனது. கள்ளக்குறிச்சி சமவெளியில் அந்த மாதத்தில் 'வெளியே போய் ரெண்டு ரவுண்டு ஓடு' என்பது சரியில்லை, நிழலில், அறைக்குள்தான். மலையிலோ நிலைமை தலைகீழ். ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் சேறாகக் கிடக்கும். மார்கழிக் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதல் பீரியடிலேயே இடைவேளையைத் தொடங்கிவிடலாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 8-ம் வகுப்புக்கு மேல், பையன்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் பலர் குதிக்க மாட்டார்கள். வற்புறுத்தினால் அந்த வகுப்பே வெறுத்துவிடும். கை, தோள், கழுத்து அசைவுகள், சுவரைத் தள்ளுவது, நடந்துகொண்டே பதில் சொல்வது என்று மாற்றிக்கொள்ளலாம். மாதவிடாய் நாளில் 'நான் வரலை' என்று காரணம் சொல்லாமலே உட்கார்ந்திருக்கும் உரிமையும் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்குக் கை அசைவு. ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்கு மெதுவான அசைவு.

துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு - மிகை இயக்கப் பாதிப்பு உள்ள சிறுவர்களிடம் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், அசைந்துகொண்டே இருந்தபோதுதான் அவர்கள் நினைவாற்றல் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். 'ஆடாதே' என்று அதட்டி உட்கார வைப்பது அந்தப் பிள்ளையின் படிப்பைத்தான் முதலில் கெடுக்கும். கரும்பலகை துடைப்பது, நோட்டு சேகரிப்பது போன்ற வேலைகளை அவனிடம் கொடுப்பது அனுபவசாலி ஆசிரியர்கள் ரொம்ப நாளாகச் செய்து வரும் உபாயம்.

எதைச் செய்யவே கூடாது?

வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையை இடைவேளையில் உட்கார வைப்பது. 'எல்லாரும் ஆடுங்க, நீ மட்டும் எழுது' என்றால், அதிகம் அசைய வேண்டிய பிள்ளைக்குத்தான் அசைவு மறுக்கப்படுகிறது. அதேபோல், அசைவையே தண்டனையாக்குவதும் தப்பு. தோப்புக்கரணத்தை 'மூளைக்கான யோகா' என்று வெளிநாட்டில் கொண்டாடுகிறார்கள் என வீடியோக்கள் சுற்றினாலும், நம் பள்ளிகளில் அது 50 போடு, 100 போடு என்ற தண்டனையாகவே பிள்ளைகள் மனதில் பதிந்திருக்கிறது. உடல் ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது.

விடுதிப் பிள்ளைகளின் நீளமான நாள்

கல்வராயன் மலையைப் பொறுத்தவரை அதிகம் பேசப்படாத இடம் இதுதான். பழங்குடியினர் நலத்துறையின் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையில் பல இருக்கின்றன. வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளியும் இருக்கிறது. பெற்றோர் வேலை தேடி வெளியூர் போகும் குடும்பங்களுக்கு இந்த விடுதிகள்தான் ஆதாரம்.

வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குப் போகவர நடை இருக்கிறது, ஆடு மேய்ப்பது, தண்ணீர் எடுப்பது என்று வேலை இருக்கிறது. விடுதிப் பிள்ளைக்கு வகுப்பறையும் படுக்கையும் ஒரே வளாகம். காலையில் ஒரு படிப்பு நேரம், பகலில் பள்ளி, சாயங்காலம் விளையாட்டு, இரவு மறுபடி படிப்பு நேரம் என்பதுதான் பொதுவாக உறைவிடப் பள்ளிகளின் அட்டவணை. பொதுத்தேர்வு நெருங்கினால் முதலில் வெட்டப்படுவது அந்தச் சாயங்கால விளையாட்டு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம் உள்ள தனியார் விடுதிகளுக்கும் இது பொருந்தும்.

இரவுப் படிப்பில் ஆசிரியர் பாடம் நடத்துவதில்லை, கண்காணிப்பாளர் மட்டும்தான். அதனால் இடைவேளை விட இதைவிட வசதியான நேரம் இல்லை. போர்ஷன் பயமும் இல்லை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வராந்தாவில் ஒரு சுற்று, தண்ணீர், திரும்பி வந்து உட்கார். தூங்கி விழும் பிள்ளையைத் தலையில் தட்டி எழுப்புவதை விட இது நல்லது. படுக்கப் போகும் முன் கடைசி இடைவேளை மட்டும் குதியல் இல்லாமல் மெதுவாக இருக்கட்டும். இல்லையென்றால் தூக்கம் வராது.

வீட்டில் படிக்கும்போது?

முதலில், எவ்வளவு நேரம் படிக்க வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். 1, 2-ம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கையும் அதையே சொல்கிறது. அந்தக் கொள்கைப்படி 3 முதல் 5-ம் வகுப்பு வரை வாரத்துக்கே 2 மணி நேரம்தான் வீட்டுப்பாடம். நாளைக்கு இல்லை, வாரத்துக்கு!

சின்னப் பிள்ளைக்கு 15 - 20 நிமிடப் படிப்பு, 5 நிமிட அசைவு. பெரிய பிள்ளைக்கு 30 - 40 நிமிடம். இடைவேளையில் செல்போன் கொடுத்தால் அது இடைவேளை இல்லை. கண்ணும் கழுத்தும் இன்னும் ஒரு வேலையைச் செய்கின்றன, உடம்பு அதே இடத்தில் இருக்கிறது. 5 நிமிஷம் என்று கொடுத்த போன் அரை மணியில் திரும்பி வந்தால் அதுவே பெரிய விஷயம்.

நம் வீடுகளில் ஒரு காலத்தில் இதற்குத் தனிப் பெயரே தேவைப்படவில்லை. "டேய், ஓடிப்போய் கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்பதே அசைவு இடைவேளைதான். படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று அந்த வேலையை அப்பா பைக்கில் போய் முடிக்கிறார் இப்போது. மொட்டை மாடியில் புத்தகத்தோடு முன்னும் பின்னும் நடந்து மனப்பாடம் செய்வது இன்னொரு பழக்கம். 'ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதா' என்று அதைத் தடுக்க வேண்டியதில்லை. கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தால் போதும்.

ஒற்றை அறை வீடு, கீழ்வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்றால் குதிக்காமல் செய்கிற அசைவுகள் உண்டு. சுவரில் கை வைத்துத் தள்ளுவது, முட்டி போட்டு எழுவது, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வருவது. அண்ணன், தங்கை ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இடைவேளை விட்டால் சண்டையும் இல்லை, படிக்கிறவருக்கு இடைஞ்சலும் இல்லை.

வெளிநாடுகளில்?

பின்லாந்தில் 45 நிமிடப் பாடத்துக்குப் பிறகு 15 நிமிட இடைவேளை என்பது நீண்டகால வழக்கம். ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் நகரில் எலைன் வில்லி என்ற தலைமை ஆசிரியை 2012-ல் தொடங்கிய 'டெய்லி மைல்' இன்னும் எளிது. தினமும் 15 நிமிடம், போட்டிருக்கும் சீருடையோடு, நடையோ ஓட்டமோ, அவரவர் வேகத்தில். போட்டி இல்லை, பரிசு இல்லை. அது பல நாடுகளுக்குப் பரவியதற்குக் காரணமே அதில் வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை என்பதுதான்.

'எக்ஸாம்ல 3 மணி நேரம் உட்காரணுமே?'

10-ம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கடைசியாகக் கேட்கும் கேள்வி இது. பொதுத்தேர்வில் காலை 10 மணிக்கு அறைக்குள் உட்கார்ந்தால், கேள்வித்தாள் வாசிப்பு உட்பட பிற்பகல் 1.15 வரை எழ முடியாது. ஆண்டு முழுக்க அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பழகிய பிள்ளை அங்கே என்ன செய்யும்?

கற்பதும் தேர்வு எழுதுவதும் வேறு வேறு வேலை. புதிதாக ஒன்றைப் புரிந்துகொள்ளும் நாட்களில் இடைவேளை விட்டே படிக்கலாம். திருப்புதல் தேர்வுகள் தொடங்கும்போது, அந்தத் தேர்வுகளை மட்டும் நிஜத் தேர்வு போலவே முழு நேரமும் எழாமல் எழுதிப் பழகினால் போதும். தேர்வு அறையிலும் முழுக்கக் கல்லாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேனாவை வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குவது, தோளை ரெண்டு தடவை சுழற்றுவது, பெஞ்சுக்கு அடியில் குதிகாலைத் தூக்கி இறக்குவது. அரை நிமிடம்கூட ஆகாது, கண்காணிப்பாளரும் ஒன்றும் சொல்ல மாட்டார்.